அதற்கும் தெற்கே

என் மகனே,

உன் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயரை மாற்றி அச்சடித்துவிட்டேன். மழை, மாடு, உன் அம்மாவின் மூட்டுவலி என்று சுற்றிவந்து கடைசிப் பக்கத்தில் இதைச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்படிச் சுற்றிச் சுற்றிப் பேசித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன் என்பதால் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டேன். கோபப்பட வேண்டியதைப் பட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு மீதியைப் படி.

போனில் சொல்லியிருக்கலாம். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன்னோடு ரிக் வண்டியில் வேலை செய்கிற நாமக்கல் பையன்கள் எட்டிப் பார்த்துப் படித்தாலும் படிக்கட்டும். மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று. இந்தக் கடிதத்தையாவது திறந்து வைக்கிறேன்.

நீ டிப்ளமா முடித்து, போர்வெல் போடும் கம்பெனியில் சேர்ந்து, முதலில் உகாண்டா போனாய். பிறகு ஜூபா என்றாய். ஜூபா எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "தெற்கு சூடான் நைனா, புது நாடு" என்றாய். நாட்டில் புதுசு பழசு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கிறவனுக்கு எந்த நாடு தெரியும்? எனக்குத் தெரிந்த பொருளாதாரம் எல்லாம், ஏரி நிரம்பினால் வைக்கோல் மலியும், வைக்கோல் மலிந்தால் என் கடையில் ஈ ஓட்டணும் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொல்லிச் சொல்லித்தான் அந்த நாட்டைப் படித்தேன். பல வருஷம் சண்டை போட்டு, பிறகு ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு வடக்கிலிருந்து பிரிந்து வந்த நாடு. நீ ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த வருஷம்தான் அதற்குக் கொடியே ஏறியது. எண்ணெய் பெரும்பாலும் தெற்கே பூமிக்கு அடியில் கிடக்கிறது, ஆனால் தெற்குக்குக் கடல் கிடையாது. எடுத்த எண்ணெய் குழாய் வழியாக வடக்கே போய் வடக்கத்தியான் துறைமுகத்தில்தான் கப்பல் ஏற வேண்டும், அதற்கு அவன் கூலி வாங்கிக்கொள்வான். "புரியுதா நைனா?" என்று கேட்டாய். எனக்கா புரியாது? பாகம் பிரிந்த வீடுகளுக்குப் பஞ்சாயத்துப் பேசப் போனவன் நான். கிணறு தம்பி பங்கில் இருக்கும், வாய்க்கால் ஓடுகிற நிலம் அண்ணன் பங்கில் இருக்கும். அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் காறித் துப்பிக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள்.

சர்க்காருக்கு வருமானம் என்று வருவதில் ஏறக்குறைய எல்லாமே அந்த எண்ணெய்தான் என்றாய். ஒரே பசுவின் பாலை நம்பிப் பெரிய குடும்பம் நடத்துகிற மாதிரி. கூலித் தகராறில் ஒருமுறை எண்ணெய்க் குழாயையே மூடினார்களாம். பிரிந்து வந்து மூன்றாம் வருஷம் முடிவதற்குள் அவர்களுக்குள்ளேயே பெரிய தலைகள் முட்டிக்கொண்டு, ஜனங்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்களாம். அது கொஞ்சம் ஆறுகிற நேரத்தில் வடக்கத்தியான் வீட்டுக்குள் சண்டை வந்து, குழாய் உடைந்து, தெற்கே வாத்தியாருக்குச் சம்பளம் நின்றது. தேர்தல் வருகிறது வருகிறது என்று தள்ளிக்கொண்டே போகிறார்கள். அதைக் கேட்டபோது நான் மீசையை முறுக்கிக்கொண்டு, ஓட்டுச் சீட்டைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த ஊர்டா நம்ம ஊர், கல்வெட்டுலயே கீது என்று பீற்றிக்கொண்டேன். அந்தக் கல்வெட்டை நான் கடைசியாகப் போய்ப் பார்த்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை.

நைல் பாயற மண், விரலை ஊன்றினால் முளைக்கும், ஆனால் தக்காளியும் வெங்காயமும் முட்டையும் உகாண்டா லாரியில் ஒற்றை ரோட்டில் வருகிறது என்று நீ சொன்ன அன்றைக்கு, "சோம்பேறிப் பசங்க, அதான்" என்றேன். அதற்கு நீ, "நட்டா, அறுக்கற வரைக்கும் அதே ஊர்ல இருப்போம்னு நம்பிக்க வேணும் நைனா. மூட்டைய தூக்கிக்கினு ஓடி ஓடியே பயக்கப்பட்டவன் இன்னாத்த நடுவான்?" என்றாய். நான் உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். சோம்பேறி என்று சொன்னதை இன்று வரை திரும்ப வாங்கவில்லை. இதோ வாங்கிக்கொள்கிறேன்.

அந்த நாட்டின் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு டீச்சரும் கூடவே வந்துபோவாள். எண்ணெய் நின்றது என்பாய், அந்த டீச்சருக்கு மாதக்கணக்காகச் சம்பளம் வரவில்லை, ஆனாலும் காலையில் பள்ளிக்கூடத்தைத் திறக்கிறாள் என்பாய். நோட்டுக்கு மதிப்பு போய்விட்டது என்பாய், அந்த டீச்சர் பையில் கட்டுக்கட்டாக நோட்டை எடுத்துப்போய் ஒரு சோப்புக் கட்டியோடு திரும்பி வந்தாள் என்பாய். அந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நீ போர் போட்டபோது தண்ணீர் வரும்வரை வெயிலில் நின்றவள் என்பாய். நான் நாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன், நீ அவளைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். உன் அம்மா எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். "ஒரு நாட்டப் பத்தி இம்மா நாளு எவனாவது பேசுவானாய்யா?" என்று என்னிடம் கேட்டாள்.

அவள் போட்டோவை அனுப்பினாய். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுக்கப் பொய். போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கி நான் முதலில் பார்த்தது அவள் நிறத்தைத்தான். கண்ணையோ சிரிப்பையோ பார்க்கவில்லை. என் கல்யாணப் போட்டோவில் முகத்துக்கு மட்டும் பவுடர் அப்பிக்கொண்டு, கழுத்து தனி நிறமாக நிற்கிறேனே, அந்த நான்தான் அப்படிப் பார்த்தேன். கறுப்பனுக்குக் கறுப்பைக் கண்டால் பயம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு அந்த முதல் வீடியோ பேச்சு. அவள் அப்பா சண்டையில் போய்விட்டதால் சிற்றப்பா பேசுவார் என்றாய். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் நெடுநெடுவென்று ஒருவர், நெற்றியில் கோடு கோடாகத் தழும்பு. "இன்னாமே இவன், ரவுடியாட்டம் கீறான்" என்று உன் அம்மா காதில் சொன்னேன். அந்தத் தழும்பு அவர்கள் குலத்தின் அடையாளம், வயசுக்கு வந்த ஆண்பிள்ளைக்குப் போடுவது என்று நீ பிறகு சொன்னாய். நெற்றியில் பட்டை போடாமல் கடை திறக்காதவன் நான், இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை. குசலம் எல்லாம் விசாரித்து முடிந்ததும் நம் வழக்கப்படி கேட்டேன்: "பொண்ணுக்கு இன்னா செய்வீங்க?" நீ அதை அவரிடம் சொல்லவே இல்லை. அதே நேரத்தில் அவரும் என்னவோ கேட்டார். நீ சிரித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே கேள்வியத்தான் கேக்கறீங்க. அங்க மாப்பிள்ள வூட்டுக்காரங்கதான் செய்யணும் நைனா. மாடு குடுக்கணும்" என்றாய்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாது? பொண்ண மாட்டுக்கு விக்கறானா?" என்று கத்தினேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உனக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். உன்னிடம் அவள் தமிழ் கற்றுக்கொண்டிருந்த நேரம். அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் பொண்ணும் மாடும் இருந்திருக்கின்றன. அவள் முகம் வாடவில்லை, சிரிக்கவும் இல்லை, மெதுவாக நகர்ந்து படத்தைவிட்டு வெளியே போனாள். உன் அக்கா இதைக் கேள்விப்பட்டுச் செங்கல்பட்டிலிருந்து போன் செய்தாள். "நம்ம வூட்டுக் கூடத்துல ஒக்காந்துகினு என்ன பாக்க வந்தவங்க, பொண்ணுக்கு இன்னா செய்வீங்கன்னு இதே கேள்விய கேட்டாங்களே, அப்ப நீ இன்னா சொன்னே நைனா? அவங்க போனப்புறம் செம்ப தூக்கி எறிஞ்சியே, மறந்துட்டியா?" என்றாள். மறக்கவில்லை. தனக்கு வந்தால்தான் தலைவலி. பெண்ணைப் பெற்றபோது வலித்தது, பையனுக்குப் பேசும்போது அதே வாய்தான் கேட்டது.

அதன் பிறகுதான் என் பொய்கள் தொடங்கின. அங்கே பேச்சு முடிவதற்குள்ளேயே நான் தேதி குறித்துவிட்டேன், ஆவணியில் இங்கே மண்டபத்தில் கல்யாணம், பெண் யார் என்று ஊர் கேட்கிறது. முதலில் கேட்டது உன் அத்தை. "பொண்ணு எந்தூருடா?" என்றாள். வாயில் அதுவாக வந்தது. "தெக்கத்திப் பொண்ணு" என்றேன். பொய் சொல்லவில்லை பார், தெற்கு சூடான், தெற்குதானே? எனக்கே என் சாமர்த்தியம் பிடித்துப்போனது. டீக்கடையில் கேட்டார்கள், மதுரையா என்று. அதுக்கும் தெக்க என்றேன். திருநெல்வேலியா? அதுக்கும் தெக்க. நாகர்கோவிலா? இன்னும் தெக்க. "அதுக்கும் தெக்க கடல்தானேபா கீது, மீன் பிடிக்கறவங்களா?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

அத்தை விடவில்லை. "பொண்ணு கலரா இருக்குமா?" என்றாள். "களையா இருக்கும்" என்றேன். கலருக்குக் களை என்று பதில் சொன்னால் நம் ஊரில் அர்த்தம் தெரியும் அல்லவா? "சரி சரி, நம்மளாட்டம்" என்று தேற்றிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு முதல் பிடி மறைத்ததும் தைரியம் வந்துவிடுகிறது. என்றைக்காவது ஒருநாள் நீங்கள் இரண்டு பேரும் பஸ்ஸைவிட்டு இறங்குவீர்கள், அப்போது எல்லோரும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைய பாட்டை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பத்திரிகைக்குப் பெயர் வேண்டும் என்றபோது நீ அனுப்பிய பெயரைப் படித்துவிட்டு நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார். பெண்ணின் பெயர் யார். அவர்கள் மொழியில் வெள்ளைப் பசு என்று அர்த்தம், மாட்டின் நிறத்தை வைத்துப் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம் என்று விளக்கினாய். உன் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மருமவ பேரு இன்னான்னு கேட்டா யாரும்பேன், நாந்தான் கேக்கறேன் யாருன்னு சொல்லும்பாங்க" என்று அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அது வசதியாகப் போயிற்று. பெயர் சரிப்படாது என்று ஒரு சாக்குக் கிடைத்தது.

பஜாரில் அச்சகம் வைத்திருக்கிற பாயிடம் போய், திருநிறைச்செல்வி யாழினி என்று போடச் சொன்னேன். பாய் உன்னைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவர். பெண் எந்த நாடு என்று அவரிடம் மட்டும் ஒருநாள் சொல்லியிருந்தேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அந்தப் பொண்ணாண்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். "கேட்டேன் பாய், சரின்னுச்சு" என்றேன். "கேட்டா சரி. பேரு மாத்தறது பேஜார் புடிச்ச வேல, அதான் கேட்டேன்" என்று எழுதிக்கொண்டார். ஊர்ப் பெயர் போட வேண்டிய இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். பத்திரிகை நன்றாகத்தான் வந்திருக்கிறது, மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்து முக்கியமான வீடுகளுக்குக் கொடுத்தும் விட்டோம்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் அந்த இரண்டாவது பேச்சு. சிற்றப்பா மறுபடி மாட்டைப் பற்றிக் கேட்டார். இந்த முறை பெருந்தன்மையாக நடந்துகொள்ளலாம் என்று நினைத்து, "மாடெல்லாம் இன்னாத்துக்கு, அதுக்குண்டான காச நானே குடுத்துட்றேன், யாரையும் கேக்க வேணாம்" என்றேன். நீ அதைச் சொன்னாய். அவர் நீளமாகப் பேசினார். கோபமாகப் பேசவில்லை, கவலைப்படுகிற மாதிரி இருந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, "அப்பறம் பேசலாங்கறாரு" என்றாய். உன் முகம் சரியில்லை. மறுநாள் நான் விடாமல் கேட்டதும்தான் சொன்னாய். அவர் கேட்டது இது: உன் அப்பாவின் அண்ணன் எந்த மாடு தருகிறார், அதன் நிறம் என்ன? தாய்மாமன் என்ன தருகிறார்? அத்தை வீட்டிலிருந்து என்ன வருகிறது? ஏன் உன் அப்பன் மட்டும் தனியாக உட்கார்ந்து பேசுகிறான்? உனக்கு ஆட்கள் இல்லையா? ஏதாவது செய்துவிட்டு ஊரைவிட்டு ஓடி வந்தவனா நீ? ஆள் இல்லாதவனுக்கு எங்கள் பெண்ணை எப்படித் தருவது?

அப்போது நீ என்னைக் கேட்டாய்: "பெரியப்பாவாண்ட எல்லாம் சொல்லிட்டே இல்ல நைனா?" நான், "சொல்லிட்டேன். அவரு நடவு வேலைல கீறாரு, அதான் பேச வரல" என்றேன். ஊரிடம் சொன்ன பொய்கள் ஒரு கணக்கு, இது வேறு. உன்னிடமே சொன்னேன். பெரியப்பாவே சம்மதித்துவிட்டார் என்று நீ நம்பி, அதை அந்த மனிதரிடம் போய்ச் சொல்லியிருப்பாய். சம்மதித்த ஆள் ஏன் முகம் காட்டவில்லை என்று அவர் கேட்டிருப்பார்.

மாடு விற்கிறவன், வாங்குகிறவன் எல்லோரும் வந்து போகிற கடையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இது விளங்க இத்தனை நாள் ஆயிற்று. அந்த ஊரில் மனிதர்களுக்கு ஈடாக மாடு இருக்கிறது, ஆனால் ஏரில் பூட்டுவது இல்லை, பாலை வீட்டுக்கு மிஞ்சி விற்பதும் அதிகம் இல்லை என்று நீ சொன்னபோது, பேங்க்கில் போட வேண்டியதை மேய விட்டிருக்கிறார்கள் என்று கேலி பேசினேன். நோட்டு இன்றைக்கு ஒரு மதிப்பு, நாளைக்கு ஒரு மதிப்பு. எண்ணெயோ அடுத்தவன் குழாயில் ஓடுகிறது. சர்க்கார் சம்பளம் வந்தால் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கஷ்டம் என்று வந்தால் ஒருத்தன் நம்பக்கூடியது மாட்டையும் மாடு கொடுத்த சொந்தத்தையும்தான். பையனுக்கு இன்றைக்கு மாடு கொடுக்கிற பெரியப்பனுக்கு, நாளைக்கு அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்போது வருகிற மாட்டில் பங்கு போகுமாம். நம் ஊரில் மொய் எழுதுவது வேறு எதற்கு? அவர் விலை பேசவே இல்லை. உன் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கக்கூடியவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தரையும் நிற்க விடாமல் செய்தவன் உன்னைப் பெற்றவன்.

போன வாரம் விடியற்காலையில் உன் பெரியப்பாவைத் தேடிப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நின்றபடியே, பெண் தெற்கத்திப் பெண் அல்ல, ஆப்பிரிக்காவில் தெற்கு சூடான் என்ற நாட்டுப் பெண், பெயர் யாழினி அல்ல யார், நல்ல கறுப்பு, கிறிஸ்துவ வேதக்காரப் பெண், அவர்கள் மாடு கேட்கிறார்கள், நான் உங்களிடம் மறைத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மாட்டைக் கழுவுவதை நிறுத்தவில்லை. வாலைக்கூடக் கழுவி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்தப் பொண்ண நீ மறைக்கலடா. எங்களத்தான் மட்டமா நெனச்சிருக்கே. சொன்னா இவனுங்க இன்னா பண்ணுவானுங்களோன்னு. நான் உனுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?" என்றார்.

அவர் ஒரு கெடுதலும் பண்ணவில்லை. உன் காலேஜ் ஹாஸ்டலுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டதே அவர்தான், எனக்கு அன்றைக்குக் கடையைப் பூட்ட மனசு வரவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் தேற்றவில்லை, அது சரிதான். கொஞ்ச நேரம் கழித்து, "மாடுதானே கேக்கறான்? சங்கிலி, மோதிரம், வண்டின்னு கேக்காம மாடு கேக்கறவன் நம்மளாட்டம் ஆளுதான். அந்தச் செவலக் கெடேரி பையனுக்குன்னு சொல்லிடு. நெத்தியில வெள்ள கீது, அதையும் சொல்லு" என்றார். மாடு கப்பலேறப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அதன் விலையை நாம் அனுப்பினால் அங்கே ஒரு மாடு வாங்கிக்கொள்வார்கள் என்று நீ சொன்னதைச் சொன்னேன். "எதனா ஆகட்டும், பேரு என்னுதா இருக்கணும்" என்றார்.

உன் அத்தை வீட்டுக்கும் போனேன். அவள் வரமாட்டாளாம். பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எனுக்கு இன்னும் பேத்தி ரெண்டு கட்டிக்குடுக்கணும்டா, நான் வந்து முன்னால நின்னா நாளைக்கு எவன் பேசுவான்?" என்றாள். அவளைத் திட்டாதே. போன வாரம்வரை நானும் அவளும் ஒரே தட்டில்தான் இருந்தோம். அவள் பயத்தை வாயைத் திறந்து சொன்னாள், நான் தெற்கே தெற்கே என்று கடல்வரை ஓட்டினேன், அவ்வளவுதான் வித்தியாசம். மீதி வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். உன் தாய்மாமன் சரி என்றார், ஆனால் எருமைதான் தருவாராம். அது செல்லுமா என்று கேட்டுச் சொல். பாயிடம் போய், அந்தப் பெண்ணைக் கேட்கவே இல்லை என்ற உண்மையைச் சொல்லி, பத்திரிகையைத் திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டேன். செல்வி யார், ஜூபா, தெற்கு சூடான். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். சிரித்துவிட்டு யாரென்று கேட்பார்கள், கேட்டால்தானே நான் சொல்ல முடியும்?

அப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்ல வேண்டும். சொல்லுகிற தகுதியில் நான் இல்லை என்றாலும் இரண்டு வார்த்தை. அவளை இங்கே யாருக்கு அறிமுகம் செய்தாலும் முதலில் அவள் பெயரைச் சொல், அடுத்து அவள் ஊரைச் சொல், அதற்குப் பிறகு உன் பெண்டாட்டி என்று சொல். அவள் நாட்டைப் பற்றி யாராவது கேட்டால் எண்ணெய், சண்டை, பஞ்சம் என்று நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்காதே. சம்பளம் வராத பள்ளிக்கூடத்தைக் காலையில் திறக்கிறார்கள் என்று நீ எனக்குச் சொன்னாயே, அதையும் சேர்த்துச் சொல். உங்களுக்குள் சண்டை வந்தால், வராமல் இருக்காது, உன் அம்மாவிடம் நான் செய்கிற மாதிரி போனை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு நழுவாதே. நின்று பேசு. நான் நின்று பேசியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. யாரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை உன் வாயால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். அவளுக்குப் புரிகிற தமிழில் நானே சொல்கிறேன், அதற்கு நேரில் வர வேண்டும்.

பாஸ்போர்ட்டைத் தட்காலில் போட்டு வாங்கிவிட்டேன். நேற்று கிண்டிக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டுக்கொண்டேன். வரிசையில் எனக்கு முன்னால் சூட்கேஸும் டையுமாக இளவட்டங்கள், நான் மட்டும் வேட்டியில். நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்து, "எந்த நாட்டுக்குப் போறீங்க பெரியவரே?" என்றாள். ஒரு நொடி வாய் பழைய பக்கமே போகப் பார்த்தது. "தெற்கு சூடான்" என்றேன். அவளுக்குக் காதில் விழவில்லை, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. "அங்க வேலையா?" என்றாள். "இல்லம்மா. சம்பந்தி வூடு. பையனுக்குப் பேசப் போறேன்" என்றேன்.

கை இன்னும் வலிக்கிறது. விசாவுக்கு அங்கே இருக்கிறவர்களில் யாராவது ஒருவர் என்னை அழைத்து எழுதித்தர வேண்டுமாம், இல்லாவிட்டால் விட மாட்டார்களாம். பெரியப்பாவும் கூட வருகிறேன் என்கிறார், ஆனால் முதலில் உன்னிடம் கேட்கச் சொன்னார். இதையெல்லாம் படித்த பிறகும் உனக்கு மனசு இருந்தால், நீ கூப்பிடு. நான் வருகிறேன்.

உன் அப்பா